பி-38 புரொப்பெல்லர் வெளிப்பக்கமா, உள்பக்கமா? பல இன்ஜின் மாடல் கட்டுபவர்களிடம் ஒரு கேள்வி

தகரக்கழுகு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 1/48 அளவில் பி-38ஜே லைட்னிங் (இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க இரட்டை இன்ஜின் போர் விமானம்) ஒன்று மேசையில் பாதி முடிந்து நிற்கிறது. இரண்டு பூம்களும் (வாலைத் தாங்கும் நீண்ட பாகங்கள்) ஒட்டியாகிவிட்டது, பிரைமரும் அடித்தாயிற்று. மிச்சம் புரொப்பெல்லர்கள்தான். அங்கேதான் வேலை நிற்கிறது.

கிட்டில் இரண்டு புரொப்பெல்லர்களும் தனித்தனி பாக எண்ணோடு வந்திருக்கின்றன. கையில் எடுத்துப் பார்த்தால் பிளேடுகளின் முறுக்கு ஒன்றுக்கொன்று எதிராக இருப்பது தெரிகிறது. அதுவரை சரி. ஆனால் எது இடது இன்ஜினுக்கு, எது வலது இன்ஜினுக்கு என்பதில் விளக்கத் தாளே முரண்படுகிறது. ஒட்டும் படத்தில் ஒரு மாதிரி இருக்கிறது, கடைசிப் பக்கத்து வண்ணப் படத்தில் பிளேடின் சாய்வு அதற்கு நேர் எதிராக இருக்கிறது. வெளியே தேடினால் "இடது இன்ஜின் கடிகாரத் திசையில் சுற்றும்" என்கிறார் ஒருவர். "இல்லவே இல்லை, எதிர்த் திசையில்" என்கிறார் இன்னொருவர். இருவரும் அடித்துச் சொல்கிறார்கள்.

எனக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, பி-38ஜே-க்கு எது சரி? இன்னொன்று, எந்தத் தாளையும் நம்பாமல், கையில் இருக்கும் பிளேடைப் பார்த்தே அது எந்தப் பக்கம் சுற்றும் என்று கண்டுபிடிக்க முடியுமா? அடுத்து மொஸ்கிட்டோ, அதற்கப்புறம் ஹார்னெட் என்று வரிசையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்க முடியாது. ஒருவேளை தப்பான பக்கம் சுற்றும் புரொப்பெல்லராக இருந்தால், அதைத் திருப்பி மாட்டினால் சரியாகிவிடுமா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

மூவிலை எழுதியது:

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். பி-38ஜே-யில் இரண்டு புரொப்பெல்லர்களும், பிளேடு மேலே வரும்போது, வெளிப்பக்கம் போகும். பைலட் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் இடது இன்ஜின் இடஞ்சுழி (கடிகாரத்துக்கு எதிர்த் திசை), வலது இன்ஜின் வலஞ்சுழி (கடிகாரத் திசை).

நீங்கள் பார்த்த அந்த இரண்டு பேரும் ஒரே உண்மையைச் சொல்லியிருக்கவும் கூடும். ஒருவர் மூக்குக்கு முன்னால் நின்று பார்த்திருப்பார், மற்றவர் வாலுக்குப் பின்னால். "கடிகாரத் திசை" என்று மட்டும் எழுதி, எங்கே நின்று பார்த்தேன் என்று எழுதாத எந்தக் குறிப்பும் நமக்கு உதவாது. இன்ஜின் ஆவணங்களில் பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து, அதாவது பைலட் பார்க்கும் பக்கத்திலிருந்துதான் சொல்வார்கள். நாமோ மாடலை முன்னாலிருந்து பார்த்து ரசிக்கிற ஆட்கள். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. அதனால் நான் எப்போதும் "மேல் பிளேடு எந்தப் பக்கம் போகிறது" என்று மட்டும்தான் பேசுவேன். முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் வெளிப்பக்கம் வெளிப்பக்கம்தான்.

இப்போது பிளேடைப் படிக்கும் விதம். இதைக் கற்றுக்கொண்டால் பிறகு எந்தத் தாளும் தேவைப்படாது. ஒரு பிளேடு நேர் மேலே நிற்கும்படி வைத்துக்கொண்டு, விமானத்துக்கு முன்னால் நின்று பாருங்கள். பிளேடுக்கு இரண்டு விளிம்புகள். ஒன்று உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கும், மற்றது சற்றுத் தள்ளி, இறக்கைப் பக்கமாக இருக்கும். கிட்டத்தில் இருக்கும் விளிம்புதான் காற்றை முதலில் வெட்டும் முன்விளிம்பு. பிளேடு அந்தப் பக்கமாகத்தான் நகரும். அந்த விளிம்பு உங்கள் இடது கைப்பக்கம் இருந்தால், பைலட்டுக்கு அது வலஞ்சுழி. வலது கைப்பக்கம் இருந்தால் பைலட்டுக்கு இடஞ்சுழி. பி-38-க்கு இன்னும் சுலபம்: முன்னால் நின்று பார்க்கும்போது இரண்டு மேல் பிளேடுகளின் கிட்டத்து விளிம்புகளும் இறக்கை நுனிகளைப் பார்த்தபடி இருக்க வேண்டும். காக்பிட்டைப் பார்த்தபடி இருந்தால் இடமும் வலமும் மாறியிருக்கிறது, மாற்றிப் போடுங்கள், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. நுனியில் சாய்வு மிகக் குறைவு, ஹப்புக்கு (பிளேடுகள் சேரும் நடுப்பாகம்) அருகில்தான் அதிகம். அதனால் நுனியைப் பார்த்து முடிவு செய்யாமல், நடுப்பகுதிக்கும் வேருக்கும் இடையே பாருங்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்தால் விளிம்பு தடித்திருப்பதும் தெரியும். முன்விளிம்பு உருண்டு தடித்தும், பின்விளிம்பு மெலிந்தும் இருக்கும். பிளேடின் வளைந்த முகம் முன்னாலும் தட்டையான முகம் பைலட் பக்கமும் இருக்க வேண்டும். இறக்கையைப் போலவேதான், தூக்கும் பக்கம் வளைவு. புஷர் விமானமானாலும் இதே கணக்கு: புரொப்பெல்லர் இறக்கைக்குப் பின்னால் இருந்தாலும் வளைந்த முகம் விமானம் பறக்கும் திசையைத்தான் பார்க்கும்.

திருப்பி மாட்டினால் சரியாகுமா என்றால், ஆகாது. வலப்புரித் திருகாணியை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் அது வலப்புரிதான். புரொப்பெல்லரும் அப்படித்தான். பின்முகம் முன்னால் வரும்படி திருப்பினால் சுற்றும் திசை மாறாது. தட்டையான முகம் முன்னால் வந்து, முன்விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் பின்விளிம்பு வந்து நிற்கும். முன்பு ஒரு தப்பு இருந்தது, இப்போது இரண்டு. தனித்தனி பிளேடாக வரும் ரெசின் செட்களுக்கும் இதே கதைதான். ஹப்பில் கோணத்தை மாற்றி ஒட்டினால் வேர் சரியாகத் தெரியும், ஆனால் பிளேடின் முறுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். 1/144 மாதிரி சின்ன அளவில், பிளேடு வெறும் தட்டையாக வந்திருந்தால் மட்டும் அதை வெட்டி எதிர்ச் சாய்வில் ஒட்டி, விளிம்புகளை சாண்ட்பேப்பரால் மாற்றி உருட்டிவிடலாம். பெரிய அளவில் சரியான புரொப்பெல்லரைத் தேடி வாங்குவதே வழி.

பி-38 கட்டுகிறவர்கள் எந்த விமானம் என்பதையும் பார்க்க வேண்டும். 1939 ஜனவரியில் முதலில் பறந்த எக்ஸ்பி-38 என்ற முன்மாதிரியில் மேல் பிளேடுகள் உள்பக்கம் போயின. வால் மேல் பாயும் காற்றோட்டம் குழம்பியதால், அடுத்து வந்த சோதனை விமானமான ஒய்பி-38-இலிருந்து வெளிப்பக்கமாக மாற்றினார்கள். பிரிட்டன் ஆர்டர் செய்த லைட்னிங் 1-இல் டர்போவும் இல்லை, எதிரெதிர்ச் சுழற்சியும் இல்லை. இரண்டுமே வலஞ்சுழி. அதைக் கட்டுகிறவருக்கு வலது புரொப்பெல்லர் இரண்டு வேண்டும். ஒரு கிட்டில் அது கிடைக்காது.

பி-38-இன் ஆலிசன் வி-1710 இன்ஜினை இரண்டு பக்கமும் சுற்றும்படி எப்படிச் செய்தார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கிராங்க்ஷாஃப்டை முன்பின்னாகத் திருப்பிப் பொருத்தலாம், அப்படித்தான் வடிவமைத்திருந்தார்கள். பற்றவைப்பு ஒயரிங்கை அதற்கேற்ப மாற்றி, சூப்பர்சார்ஜரும் துணைக் கருவிகளும் பழையபடியே சுற்ற இடையில் ஒரு பல்சக்கரம் சேர்த்துவிட்டால் போதும். மூடிய கௌலிங்குக்கு (இன்ஜின் உறை) வெளியே இதில் எதுவும் தெரியாது. நம் மாடலில் அந்த வித்தியாசத்தைச் சொல்லும் ஒரே பாகம் புரொப்பெல்லர்தான். அதனால்தான் இவ்வளவு பாடுபட்டுச் சொல்கிறேன்.

அலுமினியத்தாள் எழுதியது:

மூவிலை அண்ணா சொன்னதோடு சில விமானங்களைச் சேர்க்கிறேன்.

மொஸ்கிட்டோ: இரண்டு மெர்லின் இன்ஜின்களும் ஒரே பக்கம், பைலட்டுக்கு வலஞ்சுழி. கிளம்பும்போது இடது பக்கம் இழுக்கும் என்று அதன் பைலட்டுகள் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். பி-17, பி-25, சி-47, பிஎஃப் 110 எல்லாம் இதே கட்சி: எல்லா இன்ஜினும் ஒரே திசை, வலஞ்சுழி. உண்மையில் எதிரெதிர்ச் சுழற்சி என்பது அந்தக் காலத்தில் விதிவிலக்கு. இடது, வலது என்று இரண்டு வகை இன்ஜின்களைக் கிடங்கில் வைத்துப் பராமரிப்பது பெரிய சுமை.

ஹார்னெட் அந்த விதிவிலக்குகளில் ஒன்று. மெர்லின் 130, 131 என்று ஒரு ஜோடி. ரிடக்‌ஷன் கியரில் ஒரு பல்சக்கரம் கூடுதலாக வைத்து ஒன்றை மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றவைத்தார்கள். பி-38 மாதிரி மேல் பிளேடு வெளிப்பக்கம் போகும்படி முதலில் முயன்று பார்த்தார்கள். குறைந்த வேகத்தில் ரடர் (வால் சுக்கான்) சரியாக வேலை செய்யவில்லை. அதனால் தயாரிப்புக்கு வந்த ஹார்னெட்களில் மேல் பிளேடு உள்பக்கம். தகரக்கழுகு, நீங்கள் பி-38-ஐ முடித்த கையோடு ஹார்னெட்டை எடுத்தால் எல்லாமே தலைகீழாகத் தெரியும். குழம்ப வேண்டாம், அது சரிதான்.

இரண்டு உடல்களை ஒரு நடு இறக்கை இணைக்கும் ட்வின் மஸ்டாங்கின் (எஃப்-82) கதை இன்னும் சுவாரசியம். 1945-இல் அதன் முன்மாதிரியான எக்ஸ்பி-82-ஐ முதன்முதலில் பறக்கவிட முயன்றபோது அது தரையைவிட்டுக் கிளம்பவே மறுத்தது. பிளேடுகள் நடு இறக்கைப் பக்கம் மேல்நோக்கி ஏறும்படி புரொப்பெல்லர்களைப் பொருத்தியிருந்தார்கள். அந்த ஏற்பாட்டில் நடு இறக்கையின் தூக்குவிசையே காணாமல் போனது. மொத்த இறக்கைப் பரப்பில் அது கால் பங்கு. பிறகு இடது இன்ஜினையும் வலது இன்ஜினையும் இடம் மாற்றி, பிளேடுகள் நடுவில் கீழ்நோக்கி இறங்கும்படி செய்த பிறகு பறந்தது. நம் மேசையில் இடம் மாறி ஒட்டினால் யாருக்கும் ஆபத்தில்லைதான். ஆனால் அங்கே அதே மாற்றம் ஒரு விமானத்தைத் தரையோடு கட்டிப்போட்டது. இது தெரிந்த பிறகு எனக்கு எஃப்-82 மாடலில் அலட்சியமாக ஒட்ட மனமே வரவில்லை.

நாலு இன்ஜின் பிடித்தவர்கள் ஏ400எம் சரக்கு விமானத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அங்கே இடது இறக்கை, வலது இறக்கை என்ற பிரிவு உதவாது. ஒவ்வொரு இறக்கையிலும் இருக்கும் இரண்டு புரொப்பெல்லர்களும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றும், அவற்றின் நடுவே பிளேடுகள் கீழ்நோக்கி இறங்கும்படி. பைலட் இடத்திலிருந்து பார்த்தால் இடக்கோடி 1-ஆம் இன்ஜின் வலஞ்சுழி, 2 இடஞ்சுழி, 3 வலஞ்சுழி, 4 இடஞ்சுழி. ஒவ்வொன்றிலும் எட்டு பிளேடுகள், அதுவும் வாள் மாதிரி வளைந்தவை. எந்தப் பக்கம் வளைகிறது என்பது கண்ணுக்கு நன்றாகத் தெரியும், அதனால் தப்பு நடந்தால் மறைக்கவே முடியாது. ஒட்டும் முன் நான்கையும் வரிசையாக மேசையில் அடுக்கி, ஹப்பின் பின்னால் எண் எழுதிக்கொள்வது நல்லது.

தகரக்கழுகு எழுதியது:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. விளக்கை மேசைக்குப் பக்கவாட்டில் வைத்து, பிளேடை நேர் மேலே நிறுத்திப் பார்த்தேன். கிட்டத்து விளிம்பு எது என்று உடனே தெரிந்துவிட்டது. ஒட்டும் படத்தில் இருப்பது சரி, வண்ணப் படம்தான் தப்பு. முன்விளிம்பு தடிப்பாக இருப்பதும் விரல் நகத்தால் தடவும்போதே தெரிகிறது.

இன்னொரு சந்தேகம். பழைய புகைப்படங்களை வைத்துச் சரிபார்க்கலாமா? ஒரு புகைப்படத்தில் இரண்டு புரொப்பெல்லரும் உள்பக்கம் சுற்றுவது போல இருக்கிறது. ஆனால் அது எக்ஸ்பி-38 இல்லை, போர்க்கால விமானம்தான்.

மூவிலை எழுதியது:

படம் இடவலம் மாறி அச்சாகியிருந்தாலும் வெளிப்பக்கம் வெளிப்பக்கம்தான், அதனால் உங்கள் பி-38 படத்துக்கு அது காரணமில்லை; மேல் பிளேடுக்குப் பதிலாகக் கீழே நிற்கும் பிளேடைப் பார்த்தீர்களா என்று மறுபடி பாருங்கள். ஆனால் எல்லா இன்ஜினும் ஒரே திசையில் சுற்றும் விமானங்களில் இடவலம் மாறிய படம் ஏமாற்றிவிடும், நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சடித்த படங்கள் ஏராளமாக உலவுகின்றன. முதலில் எழுத்தையும் எண்ணையும் தேடுங்கள். மூக்கிலோ வாலிலோ எண் தெரிந்தால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். தெரியாவிட்டால் பைலட்டின் உடை, உடன் நிற்பவர்களின் சட்டைப் பொத்தான், பை எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஆண்களின் சட்டையில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வரும். எழுத்தோ எண்ணோ இல்லாத, ஆளும் இல்லாத படத்தை சுழற்சிக்குச் சாட்சியாக வைக்கவே கூடாது.

பறக்கும்போது எடுத்த படத்தில் பிளேடு மங்கலாகத் தெரிவதை வைத்துத் திசையைச் சொல்ல முடியாது. மங்கலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இக்காலத்து செல்போன் படங்களில் பிளேடு அரிவாள் போல வளைந்து, சில சமயம் ஹப்பைவிட்டுத் தனியாக மிதப்பது போலவும் தெரியும். சென்சார் வரிவரியாகப் படம் எடுப்பதால் வரும் கோளாறு அது, அதையும் ஒதுக்கிவிடுங்கள். நின்றிருக்கும் புரொப்பெல்லரின் கூர்மையான படம்தான் நல்ல சாட்சி. பனி உறைவதைத் தடுக்கும் கறுப்பு ரப்பர் பட்டை சில விமானங்களின் பிளேடு வேரில் ஒட்டியிருக்கும். அது முன்விளிம்பில்தான் இருக்கும், தூரத்துப் படத்திலும் கண்ணில் படும்.

நாட்டை வைத்து ஊகிக்கவும் வேண்டாம். "அந்த நாட்டு இன்ஜின் எல்லாம் இந்தப் பக்கம்" என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். ஒரே ஸ்பிட்ஃபயரில், ஒரே நிறுவனத்தின் மெர்லின் வலஞ்சுழி, கிரிஃபன் இடஞ்சுழி. விமானத்தின் பெயரும் போதாது, மார்க் எண்ணும் (எந்தப் பதிப்பு என்பது) அதில் எந்த இன்ஜின் என்பதும் தெரிந்தாக வேண்டும்.

வால்காற்று எழுதியது:

நான் ரேடியோ கன்ட்ரோலில் பறக்கவிடுகிறவன், காட்சிக்கு வைக்கும் மாடல் என் வேலை இல்லை. ஆனாலும் இங்கே படிக்கிற யாராவது தங்கள் இரட்டை இன்ஜினைப் பறக்கவிட நினைத்தால் உதவும்.

பிரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அதற்கேற்ற எதிர்ப்பிட்ச் (எதிர் முறுக்கு உள்ள) புரொப்பெல்லர் போட்டாக வேண்டும், சாதாரண புரொப்பெல்லரைத் திருப்பிப் போட்டாலும் உந்துவிசை பின்னோக்கித்தான் வரும். எதிர்ப்பக்கம் சுற்றும் மோட்டாரில் நட்டு தானாகக் கழன்றுகொள்ளும் வாய்ப்பும் உண்டு. லாக்நட் போடுங்கள், அல்லது எதிர்த்திருகு உள்ள அடாப்டர் வாங்குங்கள். இதை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள்; கழன்று பறக்கும் புரொப்பெல்லர் கண்ணில் பட்டால் விளையாட்டு இல்லை.

இரண்டும் ஒரே பக்கம் வலஞ்சுழியாகச் சுற்றினால், மூக்கு தூக்கி ஏறும்போது கீழே இறங்கும் பிளேடு அதிகம் இழுக்கும். வலது இன்ஜினில் அந்த இழுவிசை உடலைவிட்டு வெகுதூரம் தள்ளி விழும், இடது இன்ஜினில் உடலுக்குக் கிட்டத்தில். அதனால் இடது இன்ஜின் நின்றுபோனால்தான் சமாளிப்பது கஷ்டம். செனகா மாதிரி சிறு விமானங்களில் மேல் பிளேடு உள்பக்கம் போகும்படி வைத்து, இரண்டு பக்கமும் சமமாக ஆக்கிவிட்டார்கள். பி-38-இல் அது நேர்மாறு: எந்த இன்ஜின் நின்றாலும் மிச்சமிருப்பது வெளியே தள்ளி இழுக்கும். மாடலாகப் பறக்கவிடும்போது இதை மனதில் வையுங்கள். ஒரு மோட்டார் நின்றால் உடனே மற்றதையும் குறைத்துவிட்டு இறக்கப் பாருங்கள்.

அலுமினியத்தாள் எழுதியது:

டர்போப்ராப் (டர்பைன் இன்ஜின் சுற்றும் புரொப்பெல்லர்) விமானம் கட்டுகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. பிடி6 இன்ஜின் உள்ள ட்வின் ஆட்டர் மாதிரி விமானம் நிறுத்தி வைத்திருக்கும்போது பிளேடுகள் ஃபெதர் நிலைக்கு (காற்றோட்டத்துக்கு இணையாகத் திரும்பி நிற்பது) போய்விடும். எண்ணெய் அழுத்தம் போனதும் அப்படி ஆகும். அப்போது முன்விளிம்பு நேராக முன்னால் பார்க்கும், மூவிலை அண்ணா சொன்ன கிட்டத்து விளிம்புக் கணக்கை வளைந்த முகத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். டிபிஇ331 இன்ஜின் உள்ளவற்றில் எதிர். அணைக்கும்போது பிளேடுகளைத் தட்டையான நிலையில் பூட்டிவிடுவார்கள். கிட்டில் பெரும்பாலும் பறக்கும்போது இருக்கும் சாய்வுதான் வார்க்கப்பட்டிருக்கும். சக்கரம் இறக்கி, கதவு திறந்து, தரையில் நிற்பதாகக் காட்டினால் அந்தச் சாய்வு பொருந்தாது.

தகரக்கழுகு எழுதியது:

அப்படியென்றால் பி-38-ஐ மாலைக்குள் ஒட்டிவிடுகிறேன். பிளேடு நுனி மஞ்சளுக்கு எவ்வளவு அகலம் விட வேண்டும்? அப்புறம் தேய்மானம் எங்கே காட்டுவது?

மூவிலை எழுதியது:

அசலில் 4 அங்குலம். 1/48-இல் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 1/72 என்றால் 1.4. முதலில் நுனியில் வெள்ளை, அதன் மேல் மஞ்சள், அப்புறம் டேப் ஒட்டிக் கறுப்பு. கறுப்பை முதலில் அடித்தால் மஞ்சள் பச்சையாகத் தெரியும்.

தேய்மானம் முன்விளிம்பில், நுனியிலிருந்து பாதி தூரம் வரை. கல்லும் மணலும் அடிப்பது அங்கேதான். கூரான பென்சிலால் அலுமினிய நிறத்தைப் புள்ளிப் புள்ளியாகத் தொட்டால் போதும், கோடாக இழுக்க வேண்டாம். பின்விளிம்பில் எதுவும் வேண்டாம். இடது புரொப்பெல்லரில் தேய்மானம் ஒரு பக்கம், வலது புரொப்பெல்லரில் எதிர்ப்பக்கம் வரும். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஹப்பை இப்போதைக்கு ஒட்டாமல் செருகி மட்டும் வையுங்கள். மேட் வார்னிஷ் அடித்து முடித்த பிறகு ஒரு துளி பசை போதும்.